என்ன ஒயில் ஊற்றுவது? லேத், பிரஸ் பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எந்தப் பட்டறைக்குப் போனாலும் லேத்துக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின் நிற்கும். உள்ளே லொறியிலிருந்து வடித்த கறுத்த இன்ஜின் ஒயில். அதற்குள் மயிர் கொட்டிய பெயின்ட் பிரஷ் ஒன்று. கடைய, துளை போட, புரி வெட்ட, தகடு அமத்த எல்லாவற்றுக்கும் அந்த டின்தான். நானும் அதில்தான் தொழில் பழகினேன்.

அந்த டின்னை விட்டது ஒரு படகு ஷாப்டால். வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த ஸ்டெயின்லெஸ் ஷாப்ட். முனையில் எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் புரி போட்டுக் கொடுக்க வேண்டும். 8.5 மில்லிமீட்டரில் துளை போட்டு, பிரஷ்ஷால் இரண்டு தடவை தடவி, துளைக்குள் புரி வெட்டும் டாப்பை இறக்கினேன். அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்று பின்னுக்கு என்று ஒழுங்காகத்தான் திருப்பினேன். நாலாவது சுற்றில் டாப் கீச்சிட்டது. ஐந்தாவதில் இறுகியது. பின்னுக்கு எடுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். உள்ளே நின்ற துண்டை எடுக்க ஒன்றரை நாள் போனது. பாஸ் வந்து குனிந்து பார்த்தார், ஏசவில்லை. “மனே, ஒயில் காசை மிச்சம் பிடிச்சு டாப் கடைக்குக் குடுத்திட்டாய்” என்றார், அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்து எங்கள் பட்டறைக்கு வேலை மூன்று திசையிலிருந்து வரும்: நெல் மில், கடல், வயல். மில்லுக்குத் தகடும் ஷாப்டும், படகுக்கு ஸ்டெயின்லெஸ்ஸும் பித்தளையும், உழவு மெஷினுக்கு இரும்பும் காஸ்ட் அயன் என்ற வார்ப்பிரும்பும். ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, ஆகவே ஊற்றுவதும் வேறு. எப்படித் தெரிவது என்று நான் பழகிய ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலில்: மெஷின் ஒயிலையும் வேலை ஒயிலையும் பிரித்து வையுங்கள்

லேத்தின் கியர்பெட்டிக்குள், பிரஸ்ஸின் ஹைட்ரோலிக் தொட்டிக்குள் போகிற ஒயில் மாதக்கணக்கில் உள்ளேயே சுற்ற வேண்டியது. டின்னில் ஐ.எஸ்.ஓ 32, 46, 68 என்று போட்டிருப்பார்கள். 40 பாகை செல்சியஸில் அந்த ஒயில் எவ்வளவு தடிப்பு என்பதுதான் அந்த இலக்கம். வெட்டுக்கு உதவுமா என்பதை அது சொல்லாது. வேலைக்கு ஊற்றும் ஒயில் கத்தி முனையில் கண் இமைக்கும் நேரம்கூடத் தங்குவதில்லை. அதற்குள் தன் காரியத்தைச் செய்துவிட வேண்டும். ஹைட்ரோலிக் ஒயிலை டாப்புக்கு ஊற்றினால் சும்மா இருப்பதற்கு அது பரவாயில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது: எதிரி சூடா, அழுத்தமா என்று பாருங்கள்

லேத்தில் ஷாப்டை வேகமாகக் கடையும்போது எதிரி சூடு. சூட்டை அள்ளிக்கொண்டு போவதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. 1880களில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெயிலர் என்ற பொறியியலாளர் வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சியே வேகத்தை 30 முதல் 40 வீதம் வரை கூட்டிக் காட்டினார். கறள் பிடிக்காமலிருக்க அதில் சோடா கரைத்திருந்தார். இன்றைக்கு நாம் பால் போலக் கலக்கி ஊற்றுகிற சொலுபிள் ஒயில் அந்த வழியில் வந்ததுதான்: சூட்டுக்குத் தண்ணீர், வழுக்கலுக்கும் கறளுக்கும் கொஞ்சம் ஒயில்.

கையால் டாப் திருப்பும்போது கதை வேறு. வேகமே இல்லை, சூடும் குறைவு. அழுத்தமோ பயங்கரம். ஒயில் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நடுவிலிருந்து பிதுங்கி வெளியே போய்விடும். உலோகத்தில் உலோகம் உரசும். அந்த இடத்தில் கைகொடுப்பது ஒயிலில் கலந்திருக்கும் சாமான்கள். கொழுப்பு உலோகத்தின் தோலில் சவர்க்காரம் போல ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு தாங்காத சூட்டில் கந்தகம், குளோரின், பொசுபரஸ் ஆகியவை உலோகத்தோடு சேர்ந்து மெல்லிய படலமொன்றை உண்டாக்கும். டின்னில் ‘ஈ.பி’ (எக்ஸ்ட்ரீம் பிரஷர், கடும் அழுத்தம்) என்று இருப்பது இதைத்தான். இன்ஜின் ஒயிலிலும் இவற்றில் சிறிதளவு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பெயரிங்குக்காக அளந்து போட்டது. லொறியில் ஓடி முடிந்த ஒயிலில் அதுவும் தேய்ந்து, புகைக்கரியும் இரும்புத் தூளும்தான் மிச்சம்.

அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துவிட்டு வருகிற தம்பிமார் இதையெல்லாம் 1902இல் வந்த ஸ்ட்ரைபெக் வளைவு என்று சோக்குக்கட்டியால் கீறிக் காட்டுவார்கள். சரியான வளைவுதான். வேகம் குறைந்து சுமை கூடினால் படலம் கிழியும் என்பதைத்தான் அது காட்டுகிறது. வேகமான வேலைக்குத் தண்ணீரில் கலந்தது, மெதுவாக அமத்தும் வேலைக்குத் தண்ணீர் கலக்காத ஒயில் என்று பிடித்துக்கொண்டால் முக்கால்வாசித் தவறு நடக்காது.

மூன்றாவது: கையில் இருப்பது என்ன உலோகம்?

சாதாரண எம்.எஸ் (மைல்ட் ஸ்டீல்) இரும்பு எதையும் பொறுக்கும். கடைய சொலுபிள் ஒயில், புரி வெட்டக் கந்தகம் சேர்ந்த கட்டிங் ஒயில். அவசரத்துக்குக் கியர் ஒயில் 90 ஊற்றலாம், அதிலும் ஈ.பி சாமான் உண்டு. நாற்றத்தைத்தான் பொறுக்க வேண்டும்.

காஸ்ட் அயனுக்கு எதுவும் ஊற்றாதீர்கள். அதற்குள்ளேயே பென்சில் கரி போலக் கிராஃபைட் இருக்கிறது, தானே வழுக்கிக்கொள்ளும். ஊற்றினால் தூள் சேறாகி லேத்தின் படுக்கையில் அரைக்கல் பூசினது போல ஏறிவிடும். மூக்குக்கு மாஸ்க் போடுங்கள், வேலை முடிந்ததும் தூளைக் கூட்டி அள்ளுங்கள்.

அலுமினியம் கத்தியில் ஒட்டும் சாதி. மண்ணெண்ணெய் போதும். கொஞ்சம் மெல்லிய ஒயில் கலந்தால் இன்னும் நல்லது. டபிள்யூ.டி-40 வைத்திருப்பவர்கள் அதையே அடிக்கலாம். பக்கத்தில் கிரைண்டர் ஓடக்கூடாது, பொறி ஒன்று போதும். காரம் கூடிய கூலன்ட் (தண்ணீரில் கலந்து ஊற்றும் வெட்டு ஒயில்) அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

பித்தளை பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. கந்தக ஒயிலை மட்டும் கிட்ட விடாதீர்கள். இரவு வைத்து எடுத்தால் கறுத்துக் கிடக்கும். செம்பும் அப்படியே.

மோட்டார் சைக்கிள், மரம் அரியும் செயின் சோ போன்றவற்றின் கவர் சிலது அலுமினியம் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் பாரமே இருக்காது. அது மக்னீசியக் கலவையாக இருக்கலாம். அதன் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூளும். தெரியாத கவரைத் தொடுமுன் யாரிடமாவது கேளுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், எங்கள் கரையோரத்தில் அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. இதற்கு இரண்டு கெட்ட குணம். ஒன்று, உரசிய இடத்தில் ஒட்டிப் பிடுங்கும். மற்றது, வெட்டாமல் தடவிக்கொண்டிருந்தால் அந்த இடம் இறுகிவிடும். என் டாப் உடைந்ததற்கு ஒயில் மட்டும் காரணமில்லை. மழுங்கிய ட்ரில்லால் தேய்த்துத் தேய்த்துத் துளையின் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் டாப்பை இறக்கியிருக்கிறேன். ஆகவே ஸ்டெயின்லெஸ்ஸில் வேகத்தைக் குறை, அழுத்தத்தைக் கூட்டு, கூரான முனையை எடு, நடுவில் நின்று தடவாதே. ஒயில் தடிப்பான கந்தகமோ குளோரினோ சேர்ந்த டாப்பிங் ஒயிலாக இருக்க வேண்டும், துளைக்குள் நிற்கும்படி ஊற்ற வேண்டும். குளோரின் ஏற்றிய பரஃபின் இதற்கு மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அதில் குறுஞ்சங்கிலி வகையை 2017இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கந்தக வகையால் காரியம் ஆகுமென்றால் நான் அதையே எடுப்பேன்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். கேலி செய்ய மாட்டேன். கொழுப்பு என்ற வகையில் கையால் வெட்டும் புரிக்கு அது உண்மையாகவே நல்லது; வீட்டுக் குசினியில் இருக்கிறது, கையைக் கடிக்காது, மற்ற மரக்கறி எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் பிசினாகவும் மாட்டாது. குறை மூன்று. 24, 25 பாகையில் உறையும். மார்கழி, தை விடியற்காலையில் போத்தலைக் கவிழ்த்தால் வராது. பித்தளையில் பூசி மறந்துவிட்டால் பச்சை பிடிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸின் ஆழத் துளைக்கு அதன் பலம் காணாது.

கத்தியையும் கவனியுங்கள். கார்பைட் முனை போட்டிருந்தால் கூலன்டை இடைவிடாமல் பாய்ச்சுங்கள், அல்லது முழுவதும் உலரவே வெட்டுங்கள். சூடேறிய முனையில் நினைத்த நேரம் பிரஷ்ஷால் ஒரு தடவல் கொடுத்தால் முனை வெடிக்கும்.

நாலாவது: வெட்டுவதா, அமத்துவதா?

தகடு வேலையில் சீவல் இல்லை, ஆகவே பலர் ஒயிலைப் பற்றி யோசிப்பதே இல்லை. நெல் மில் எலிவேட்டருக்கு வாளி அமத்தும்போதுதான் தெரியும். தகடு டையின் (கீழே நிற்கும் அச்சின்) விளிம்பில் வளைந்து உள்ளே வழுக்கிப் போக வேண்டும். போகாவிட்டால் மூலையில் கிழியும். முதல் நாள் செய்பவர் தகட்டின் இரு பக்கமும் ஒயிலால் குளிப்பாட்டுவார். அது பிழை. டை பக்கமும் விளிம்புப் பகுதியும்தான் வழுக்க வேண்டும். பஞ்ச்சின் (மேலிருந்து அமத்தும் அச்சின்) மூக்கு தகட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அங்கேயும் வழுக்கினால் அடிப்பக்கம் இழுபட்டு மெலிந்து, மூலையில் அதே கிழிசல். நாங்கள் ஒரு சீமெந்துப் பை அளவு தகட்டை வீணாக்கித்தான் இதைக் கண்டுபிடித்தோம், எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் முதல் அத்தியாயத்திலேயே இருக்குமாம்.

எம்.எஸ் தகட்டில் ஆழமில்லாத அமத்தலுக்கு ஒயில் போதும். ஆழம் கூடினால் கொழுப்பும் சவர்க்காரமும் சேர்ந்த பசை. செம்புக்கும் பித்தளைக்கும் பார் சவர்க்காரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசினால் போதும், கழுவுவதும் சுகம். ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு ஒட்டி வரும் பிளாஸ்டிக் படத்தை உரிக்காமல் அப்படியே வளையுங்கள். அந்தப் படமே வழுக்கலும் தரும், கீறலும் விழாது. படத்தை உரித்துவிட்டு ஒயில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுழலும் தகட்டைத் தடியால் அமத்திப் பாத்திரம் இழுக்கிறவர்கள் மெழுகும் சவர்க்காரமும் பிடிப்பார்கள். கம்பி இழுக்கும் ஆலைகளில் உலர்ந்த சவர்க்காரத் தூளுக்குள்ளால் கம்பியை விடுவார்கள்.

கொல்லுப்பட்டறையில் தாக்கத்தியும் மண்வெட்டியும் சுத்தியலால் அடிப்பதற்கு எதுவும் வேண்டாம். மூடிய டைக்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்பை அமத்தும் ஆலைகளில் தண்ணீரில் கலந்த கிராஃபைட் தெளிப்பார்கள். அந்தச் சூட்டில் ஒயில் எரியுமே தவிர வழுக்காது. கிறீஸில் போடும் மொலிப்டினம் டைசல்பைட்டும் காற்றில் 350, 400 பாகைக்கு மேல் கெட்டுவிடும்.

ஐந்தாவது: வேலை முடிந்த பிறகு அந்தச் சாமானுக்கு என்ன நடக்கும்?

கடையில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா, வெல்டிங் செய்யப் போகிறீர்களா, அரிசி தொடும் சாமானா? கழுவ முடியாத ஒயிலைப் பூசிவிட்டுப் பிறகு பெயின்ட் உரிகிறது என்று பெயின்ட் கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. வெல்டிங்குக்கு முன் துடைக்கும்போது குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் போன்ற கரைப்பானைப் பாவிக்காதீர்கள். ஆர்க்கின் சூட்டில் அதன் ஆவியிலிருந்து பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். சவர்க்காரத் தண்ணீரும் உலர்ந்த துணியும் மெதுவான வழி, ஆனால் ஆள் தப்புவார்.

ஆறாவது: உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள்

எழுவான்கரை ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் இருக்கின்றன. வெயில் காலத்தில் பல கிணறுகள் சவர் தட்டும். அந்தத் தண்ணீரில் சொலுபிள் ஒயிலைக் கலந்தால் என்ன ஆகும் என்று டின்னில் எழுதியிருக்காது. எழுதியவர் நம் ஊருக்கு வந்ததில்லை.

மூன்று கண்ணாடிப் போத்தல் எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் 95 மில்லிலீட்டர். ஒவ்வொன்றிலும் 5 மில்லிலீட்டர் ஒயிலை ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். நான் வைத்தபோது காலையில் மழைத் தண்ணீர்ப் போத்தல் பசும்பால் மாதிரி இருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுத்தடியில் நூல் தடிப்பில் ஒரு வளையம். கிணற்றுத் தண்ணீரில் விரல் தடிப்புக்கு மஞ்சள் ஆடை கட்டி, கீழே நீலம் பாய்ந்த வெறும் தண்ணீர் நின்றது. அந்த ஆடைதான் நாம் காசு கொடுத்து வாங்கிய ஒயில். தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும் அதைப் பிரித்துவிட்டன. கீழே நின்ற தண்ணீர் லேத்துக்குள் போயிருந்தால் கறள்தான்.

மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் ஒரு தொல்லை உண்டு: மிருதுவான தண்ணீர் பம்ப் வேகத்தில் நுரை கக்கும். குழாய்த் தண்ணீர் நல்லதென்றால் இரண்டையும் கலக்கலாம்.

கலக்கும் முறை முக்கியம். வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் ஒயிலை மெதுவாக ஊற்றிக் கிண்டுங்கள். மாறிச் செய்தால் உறைந்த தயிர் மாதிரிக் கட்டியாகும், பிறகு எதற்கும் கரையாது. பொதுவான கடைசலுக்கு 5 முதல் 8 வீதம். 5 வீதம் என்றால் 19 லீட்டர் தண்ணீருக்கு ஒரு லீட்டர் ஒயில். கிரைண்டிங்குக்கு 3, 4 வீதம் போதும். கண்ணால் பார்த்து ‘பால் நிறம் வந்திட்டுது’ என்று சொல்வது அளவல்ல. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழாய் ஒன்று உண்டு, ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு காட்டும். காட்டும் இலக்கத்தை டின்னில் சொன்ன எண்ணால் பெருக்க வேண்டும். பட்டறையில் டாப்புக்கு அடுத்ததாகக் காசு போட வேண்டிய பொருள் இதுதான் என்பது என் எண்ணம்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும். ஒயிலும் உப்பும் நின்றுவிடும். கலவை தடித்து, மெஷினில் பிசுபிசுப்பாகி, கையில் கடி வரும். அப்போது வெறும் தண்ணீரையோ முழுப்பலக் கலவையையோ அல்ல, 2 வீத அளவில் மெல்லிதாகக் கலந்து நிரப்புங்கள். மாரியில் பிரச்சினை மறுபக்கம்: காற்றிலேயே ஈரம், கடைந்து வைத்த ஷாப்ட் இரவோடு இரவாகச் சிவக்கும். அந்த நாட்களில் வீதத்தை ஒன்று கூட்டுங்கள், முடிந்த சாமானை உடனே துடைத்து ஒயில் பூசுங்கள். கலவை கறளைத் தடுக்கிறதா என்று பார்க்க காஸ்ட் அயன் சீவலை வெள்ளை வடிகட்டிக் கடதாசியில் பரப்பி, கலவையால் நனைத்து, இரண்டு மணித்தியாலம் மூடி வையுங்கள். கடதாசியில் கறள் புள்ளி விழுந்தால் கலவை பலமில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறையைத் திறந்ததும் அழுகிய முட்டை வாசம் அடித்தால் தொட்டிக்குள் கிருமி வளர்ந்துவிட்டது. லீவு நாளில் மெஷினிலிருந்து வடிந்த ஒயில் மேலே மூடி, காற்றுப் போகாமல் செய்வதுதான் காரணம். மிதக்கும் ஒயிலைத் துணியால் ஒற்றி எடுத்து, மீன் தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்று மோட்டார் ஒன்றைச் சனி ஞாயிறு ஓட விடுங்கள். கலவையின் காரத்தைக் காட்டும் பி.எச் அளவு 8.5க்கும் 9.5க்கும் நடுவில் நிற்க வேண்டும், 8.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வாசம் வர முன்பே கிருமி வந்துவிட்டது என்று அர்த்தம்.

கையும் கழிவும்

பழைய இன்ஜின் ஒயிலை விடச் சொல்வதற்கு டாப் உடைவது மட்டும் காரணமில்லை. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெய்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் குழுவில் வைத்திருக்கிறது. இன்ஜினில் எரிந்த ஒயிலில் அதே சாதி நச்சுகள் இன்னும் சேரும். ஒயில் துணியைச் சாரத்து மடிப்பில் சொருகிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற பழக்கத்தை விடுங்கள். தேத்தண்ணிக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், மண்ணெண்ணெயால் அல்ல. அது தோலின் கொழுப்பை உரித்துவிடும், பிறகு கூலன்ட் பட்டால் வெடிப்பும் சிரங்கும்தான்.

கழிவை வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். பழைய ஒயிலுக்கு ஒரு பரல், பழைய கூலன்டுக்கு வேறொரு பரல். கலந்துவிட்டால் எடுக்கிறவரும் எடுக்க மாட்டார். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உள்ள சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

கடைசியாக: எழுதி வையுங்கள்

புது ஒயில் ஒன்று வந்தால் அதைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள், விற்பவரிடம் கேட்கவே வேண்டாம். அதே உலோகம், அதே அளவு டாப், இரண்டும் புதிது; ஒன்றுக்குப் பழைய ஒயில், மற்றதுக்குப் புது ஒயில். எத்தனை துளைக்குப் பிறகு கை பாரமாகிறது என்று எண்ணுங்கள். எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. டின்களுக்குப் பெயின்டால் நிறம் அடித்திருக்கிறோம், பெயர் வாசிக்க யாருக்கும் நேரமில்லை. போன கிழமை தம்பி ஒருவர் எழுதிய வரி இன்னும் அழியாமல் இருக்கிறது: “ஸ்டெயின்லெஸ், எம்10. துளை 8.6, புது ட்ரில். பச்சை டின். 14 துளை. டாப் இன்னும் நல்லம்.”